செயலியின் அதிர்வெண்ணை மாற்றும் டிரைவரை லினக்ஸ் கர்னலுக்கு எழுதுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சிறிய கோர்களும் இரண்டு பெரிய கோர்களும் கொண்ட ஓர் ஆர்ம் போர்டு உங்களிடம் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த பழைய கர்னலில் மட்டும் செயலியின் வேகம் தேவைக்கேற்பக் கூடிக் குறைகிறது; புதிய லினக்ஸ் கர்னலை ஏற்றினால், கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் வைத்துவிட்டுப் போன வேகத்திலேயே கடைசிவரை ஓடுகிறது. இதற்கு ஒரு டிரைவர் எழுத விரும்புகிறீர்கள். செயலியின் சுமையை எப்படி அளப்பது, எவ்வளவு சுமைக்கு எந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட அந்த இரண்டு வேலைகளுமே டிரைவரைச் சேர்ந்தவை அல்ல. லினக்ஸில் செயலியின் வேகத்தைக் கையாளும் சிபியுஃப்ரெக் அமைப்பில் முடிவெடுப்பவர் ஒருவர், அதை நிறைவேற்றுபவர் வேறொருவர். முடிவெடுக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். 2004-இல் 2.6.9 கர்னலில் வந்த ஆன்டிமாண்ட், 2016-இல் 4.7 கர்னலில் வந்த ஷெட்யூட்டில் ஆகியவை அப்படிப்பட்டவை. ஷெட்யூட்டில், பணித் திட்டமிடுவானான ஷெட்யூலர் ஏற்கெனவே வைத்திருக்கும் பயன்பாட்டுக் கணக்கை எடுத்து, அதன் விகிதத்தை உச்ச அதிர்வெண்ணோடு பெருக்கி, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து, அடுத்த அதிர்வெண்ணைக் கேட்கிறது. கேட்டதை வன்பொருளில் செய்து காட்டுவது மட்டுமே டிரைவரின் கடமை. உங்கள் போர்டின் டிரைவருக்குள் சுமை அளக்கும் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இருந்தால் கவர்னர் ஒரு பக்கம் இழுக்க, டிரைவர் இன்னொரு பக்கம் இழுக்கும். பயனர் கவர்னரை மாற்றினாலும் எதுவும் மாறாது.

அப்படியானால் டிரைவரில் கடினமானது என்ன என்று கேட்பீர்கள். டிரைவர் கர்னலிடம் சில செய்திகளை அறிவிக்கிறது: இந்த வன்பொருளால் எந்தெந்த அதிர்வெண்களில் ஓட முடியும், எந்தக் கோர்கள் ஒரே கடிகாரத்தைப் பகிர்கின்றன, ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், இப்போது உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது. இந்த அறிவிப்புகள் ஒவ்வொன்றும் மெய்யாக இருக்க வேண்டும். நிரலின் அளவு சிறியது. அதில் சொல்லப்படும் ஒரு பொய்கூட, பல மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் போர்டு உறைந்துபோகும் வடிவத்தில் வெளிப்படும். அதனால்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

எழுதத் தொடங்கும் முன், உங்களுக்குத் தனி டிரைவர் தேவைதானா என்று பாருங்கள். உங்கள் போர்டின் அமைப்பு ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3399 சிப்பின் அமைப்பைப் போன்றது: நான்கு கார்டெக்ஸ்-ஏ53, இரண்டு கார்டெக்ஸ்-ஏ72. அந்தச் சிப்புக்கு மெயின்லைன் என்னும் அதிகாரப்பூர்வக் கர்னலில் தனி அதிர்வெண் டிரைவர் கிடையாது. சிபியுஃப்ரெக்-டிடி என்ற பொது டிரைவரே போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் எந்தக் கிளாக் (கடிகாரம்), மின்னழுத்தம் தரும் எந்த ரெகுலேட்டர், எந்தெந்த அதிர்வெண்ணுக்கு எந்த மின்னழுத்தம் என்பதை, போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பான டிவைஸ் ட்ரீயில் எழுதிவிட்டால், மீதி வேலையைப் பொது டிரைவரும், அதிர்வெண்-மின்னழுத்த இணைகளின் அட்டவணையைக் கையாளும் ஓபிபி நூலகமும் பார்த்துக்கொள்கின்றன. அட்டவணை புதிய இரண்டாம் பதிப்பு முறையில் எழுதப்பட்டு, சிப்பின் பெயர் விலக்குப் பட்டியலில் இல்லாதிருந்தால், கர்னல் தானாகவே அந்த டிரைவரைப் பொருத்திக்கொள்ளும். உங்கள் சிப்பின் கிளாக் டிரைவரும் ரெகுலேட்டர் டிரைவரும் ஏற்கெனவே கர்னலில் இருந்தால், உங்கள் வேலை ஒரு சி கோப்பு எழுதாமலேயே முடிந்துபோகலாம். அதில் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். எழுதப்படாத நிரலை யாரும் பராமரிக்க வேண்டியதில்லை.

நடுவே ஒரு நிலையும் உண்டு. 2019-இல் ராஸ்பெரி பைக்குச் சேர்க்கப்பட்ட டிரைவரைத் திறந்து படித்துப் பாருங்கள். ஒரே அமர்வில் படித்துவிடலாம். அந்தப் போர்டில் செயலியின் கிளாக்கை ஃபர்ம்வேர்தான் கையாள்கிறது. டிரைவர் அதனிடம் குறைந்தபட்ச, அதிகபட்ச வேகங்களைக் கேட்டு, இடைவெளியை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாகப் பிரித்து ஓபிபி அட்டவணையில் சேர்த்துவிட்டு, பொது டிரைவரை அழைத்து ஒதுங்கிக்கொள்கிறது. ஆல்வின்னர், என்எக்ஸ்பி, குவால்காம் சிப்புகள் சிலவற்றிலும் இதே போக்குதான்: உற்பத்தியின்போது சிப்புக்குள் எரித்துவைத்த ஃபியூஸ் எண்ணைப் படித்து, இந்தச் சிப் எந்தத் தரப் பிரிவைச் சேர்ந்தது என்று அறிந்து, அதற்கேற்ற அட்டவணையைத் தேர்ந்தெடுத்துப் பொது டிரைவரிடம் ஒப்படைப்பது.

முழு டிரைவர் தேவைப்படுவது, பொது விதிக்குள் அடங்காத வன்பொருளுக்குத்தான். மீடியாடெக் எம்டி8173 நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெரிய கோர்களுக்குச் செயலி மையத்துக்கு ஒரு மின்னழுத்தம், உள்ளிருக்கும் எஸ்ரேம் நினைவகத்துக்கு இன்னொரு மின்னழுத்தம் என இரண்டு ரெகுலேட்டர்கள் உண்டு. எஸ்ரேமின் மின்னழுத்தம் மையத்தினுடையதைவிட 100 முதல் 200 மில்லிவோல்ட் வரை கூடுதலாகவே எப்போதும் இருக்க வேண்டும். ஆகவே ஒன்றை ஒரேயடியாக உயர்த்திவிட முடியாது. இரண்டு கால்களால் படியேறுவது போல, ஒன்றைச் சிறிது உயர்த்தி, மற்றொன்றை அதைத் தொடரச் செய்து, மாறி மாறித்தான் மேலே போக வேண்டும். இத்தகைய ஒழுங்கைப் பொது டிரைவர் அறியாது. உங்கள் சிப்பின் தொழில்நுட்பக் கையேட்டில் இப்படி ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று மின்வழங்கல் அத்தியாயத்தில் தேடுங்கள். கிளாக் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு எழுதத் தொடங்குவோர் பலர் தடுமாறுவது இங்கேதான்.

அதிர்வெண்ணைக் குறைத்தால் ஏன் மின்சாரம் மிச்சமாகிறது என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அது விளங்கினால் அட்டவணையைத் தயாரிக்கும் முறையே மாறும். செயலிகள் கட்டப்படும் சிமாஸ் வகைச் சுற்றின் இயக்கத் திறன் நுகர்வு, மின்தேக்கத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வருவது. ஆர்கே3399-இன் சிறிய கோர்களுக்கு மெயின்லைன் டிவைஸ் ட்ரீயில் 408 மெகாஹெர்ட்ஸுக்கு 825 மில்லிவோல்ட் என்றும், 1416 மெகாஹெர்ட்ஸுக்கு 1125 மில்லிவோல்ட் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதிர்வெண் ஏறத்தாழ 3.5 மடங்கு கூடுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கம் 1.86 மடங்கு கூடுகிறது. நுகர்வோ ஏறக்குறைய 6.5 மடங்காகிறது. அதே வேலையை 408-இல் முடித்தால் நேரம் அதிகம் ஆகும், ஆனால் ஒவ்வொரு சுழற்சிக்கும் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழப் பாதிதான்.

அதே அட்டவணையில் 600 மெகாஹெர்ட்ஸுக்கும் 825 மில்லிவோல்ட்தான். மின்னழுத்தம் ஒன்றே என்பதால் 408-க்கும் 600-க்கும் இடையே ஒரு சுழற்சிக்கான இயக்க ஆற்றலில் வேறுபாடே இல்லை. 408-இல் ஓடும்போது வேலை முடியக் கூடுதல் நேரம் ஆவதால், கசிவு மின்னோட்டத்தின் செலவு மட்டும் கூடும். கர்னலின் ஆற்றல் மாதிரி இத்தகைய படிகளைத் திறனற்றவை என்று அடையாளம் கண்டு, கவர்னர் அவற்றைத் தாண்டிச் செல்ல வழி செய்கிறது. ஆகவே, அட்டவணையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதைவிட, ஒவ்வொரு படியும் மின்னழுத்தத்தில் எதையாவது மிச்சப்படுத்துகிறதா என்பதே முக்கியம். கிளாக் பிரிப்பான் 50 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருபது வேகங்களைத் தருகிறது என்பதற்காக இருபதையும் எழுதி வைப்பதில் பயனில்லை.

இனி டிரைவரின் உடலுக்கு வருகிறேன். சிபியுஃப்ரெக் டிரைவர் என்பது அடிப்படையில் ஒரு கட்டமைப்பும், அதில் நிரப்பப்படும் சில செயல்கூறுகளும். தொடக்க அமைப்பைச் செய்யும் இனிட், வேக வரம்புகளைச் சரிபார்க்கும் வெரிஃபை ஆகிய இரண்டும் கட்டாயம். அவற்றோடு டார்கெட் இண்டெக்ஸ், டார்கெட், செட்பாலிசி ஆகியவற்றில் ஒன்று வேண்டும். செட்பாலிசியையும் மற்ற இரண்டில் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பதிவு செய்யும்போதே கர்னல் மறுத்துவிடும். செட்பாலிசி, வன்பொருள் தானே வேகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் செயலிகளுக்கு உரியது, 2013-இல் 3.9 கர்னலில் வந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் அதைப் பயன்படுத்துகிறது. அட்டவணை வைத்துக்கொள்ளும் உங்கள் ஆர்ம் போர்டுக்கு டார்கெட் இண்டெக்ஸ் தான் பொருத்தம். கவர்னர் கேட்ட அதிர்வெண்ணுக்கு அட்டவணையில் எந்த வரி ஒத்துவருகிறது என்று கர்னலின் மையப் பகுதி தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியின் எண்ணை மட்டும் உங்களிடம் தருகிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மற்றப் பகுதிகளுக்கு அறிவிப்பு அனுப்புவதையும் அதுவே செய்துவிடுகிறது.

அந்த முன்-பின் அறிவிப்பு ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1100 போன்ற சிப்புகளில் திரைக் கட்டுப்படுத்தியின் கடிகாரம் செயலியின் கடிகாரத்திலிருந்தே பிறந்தது. செயலியின் வேகத்தை மாற்றினால் திரையின் நேரக்கணக்கும் கெடும் என்பதால், அந்தத் திரை டிரைவர் மாற்றத்துக்கு முன் தன்னை நிறுத்திக்கொண்டு, பின் புதிய கணக்கோடு தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் போர்டில் செயலிக்குத் தனி பிஎல்எல், அதாவது கடிகாரத் துடிப்பை உருவாக்கும் சுற்று, இருக்கும் என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. ஆயினும் கிளாக் வரைபடத்தைப் பார்த்து, அந்த பிஎல்எல்லிலிருந்து வேறு எதுவும் கிளை பிரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனிட் செயல்கூறு ஒவ்வொரு பாலிசிக்கும் ஒருமுறை அழைக்கப்படுகிறது. பாலிசி என்றால் ஒரே கடிகாரத்தையும் மின்னழுத்தத்தையும் பகிரும் கோர்களின் கூட்டம். உங்கள் போர்டில் நான்கு சிறிய கோர்களுக்கு ஒரு பாலிசி, இரண்டு பெரிய கோர்களுக்கு ஒரு பாலிசி. டிரைவர் மட்டும் ஒன்றே: கர்னலில் ஒரு நேரத்தில் ஒரு சிபியுஃப்ரெக் டிரைவர்தான் பதிவாக முடியும். ஆகவே இரண்டு கூட்டங்களுக்கு இரண்டு டிரைவர் எழுத முயல வேண்டாம். இனிட்டில் அட்டவணையை பாலிசியோடு இணைத்து, எந்தெந்தக் கோர்கள் அதைச் சேர்ந்தவை என்ற பிட் முகமூடியை நிரப்பி, மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை நானோவிநாடியில் குறிப்பிட்டால் போதும்.

கோர்களின் கூட்டத்தைத் தவறாக அறிவிப்பது மிக மோசமான பொய்களில் ஒன்று. நான்கு சிறிய கோர்களும் தனித்தனிக் கடிகாரம் உடையவை என்று சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரில் கனமான கணக்கு ஓடுகிறது. அதன் கவர்னர் 1416-ஐக் கேட்கிறது. சற்று நேரத்தில் வேலையின்றி இருக்கும் இன்னொரு கோருக்காகக் கவர்னர் 408-ஐக் கேட்கிறது. கடிகாரம் ஒன்றே என்பதால் நான்குமே 408-க்கு விழும். கணக்கு ஓடும் கோர் இன்னும் 1416-இல் இருப்பதாகக் கர்னல் நம்பிக்கொண்டிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இயந்திரம் காரணம் தெரியாமல் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். கூட்டத்தைச் சரியாக அறிவித்தால், கவர்னர் அந்தக் கூட்டத்திலேயே மிக அதிகமாகத் தேவைப்படும் கோருக்கேற்ப ஒரே முடிவை எடுக்கும்.

அலகுகளைப் பற்றி ஒரு சொல். சிபியுஃப்ரெக் அட்டவணை கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. கிளாக் அமைப்பும் ஓபிபி நூலகமும் ஹெர்ட்ஸில் பேசுகின்றன. ரெகுலேட்டர் மைக்ரோவோல்ட்டில் பேசுகிறது. கையேடு மெகாஹெர்ட்ஸிலும் வோல்ட்டிலும் எழுதப்பட்டிருக்கும். 1416 மெகாஹெர்ட்ஸ் அட்டவணையில் 1416000 ஆகவும் கிளாக்கிடம் 1416000000 ஆகவும் போக வேண்டும். எந்த மாறியில் எந்த அலகு இருக்கிறது என்பதை அதன் பெயரிலேயே தெரியும்படி வையுங்கள்.

இனி இந்த வேலையின் இதயத்துக்கு வருகிறேன். அதிர்வெண்ணை உயர்த்தும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்திவிட்டுப் பிறகு கடிகாரத்தை மாற்ற வேண்டும். குறைக்கும்போது முதலில் கடிகாரத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். எந்த நொடியிலும், ஓடுகின்ற வேகத்துக்குப் போதுமான அழுத்தம் இருக்க வேண்டும் என்பதே விதி. மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மெதுவாக மாறும். மெதுவாக மாறினால் ஒரு சுழற்சிக்குள் விடை, பிட்டைப் பிடித்துவைக்கும் அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பைச் சென்று சேராது. சேராத பிட் தவறான பிட். ஓபிபி நூலகத்தின் வேகம் மாற்றும் செயல்கூறு இந்த வரிசையைத் தானே கடைப்பிடிக்கிறது. நீங்களே எழுதுவதானால், தோல்விப் பாதையையும் சேர்த்து எழுதுங்கள்: மின்னழுத்தம் உயரவில்லை என்று ரெகுலேட்டர் சொன்னால் கடிகாரத்தைத் தொடக் கூடாது, மின்னழுத்தம் உயர்ந்த பின் கடிகாரம் மாற மறுத்தால், மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிழையைத் திருப்பித் தர வேண்டும்.

வரிசை சரியாக இருந்தும் தவறு நேரலாம் என்பதை நான் ஒரு போர்டில் நேரில் கற்றுக்கொண்டேன். அந்தப் போர்டு பெர்ஃபார்மன்ஸ் கவர்னரில், அதாவது எப்போதும் உச்ச வேகத்தில், இரண்டு நாள் தொடர்ந்து எந்தக் குறையுமின்றி ஓடியது. பவர்சேவ் கவர்னரில், அதாவது எப்போதும் அடி வேகத்தில், அதுவும் அப்படியே ஓடியது. ஆன்டிமாண்டில் விட்டால் மட்டும் சில மணி நேரத்தில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தது: ஒருமுறை கோப்பு அமைப்பில், ஒருமுறை நெட்வொர்க்கில், ஒருமுறை பட்டியல் ஒன்றில் வர வாய்ப்பே இல்லாத ஒரு முகவரியில். நான் நினைவகத்தைச் சந்தேகித்து ஒரு வாரத்தை அதில் செலவிட்டேன். பிறகு, கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இடையே மட்டும் மாறி மாறித் தாவும் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓடவிட்டபோது சில நிமிடங்களிலேயே போர்டு விழுந்தது. அடுத்தடுத்த படிகளுக்கு இடையே மட்டும் மாறச் செய்தால் விழவே இல்லை. பெரிய தாவலில்தான் நோய் என்பது அப்போது தெரிந்தது.

சிப்பின் அருகிலிருந்த மின்தேக்கியில் ஆஸிலோஸ்கோப்பின் முனையை வைத்துப் பார்த்தோம். ரெகுலேட்டரோடு பேசும் ஐ2சி கம்பியில் கட்டளை போய் முடிந்த இடத்தில் மின்னழுத்தம் செங்குத்தாக எழவில்லை. ஒரு சரிவாக மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அந்த ரெகுலேட்டர் ஒரு மைக்ரோவிநாடிக்குச் சுமார் 6 மில்லிவோல்ட்தான் ஏறும். 300 மில்லிவோல்ட் தாவலுக்கு 50 மைக்ரோவிநாடி வேண்டும். கட்டளை அனுப்பியதுமே வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு கர்னல் கடிகாரத்தை மாற்றிவிட்டிருந்தது. 1400 மெகாஹெர்ட்ஸில் 50 மைக்ரோவிநாடி என்பது 70,000 சுழற்சிகள். அத்தனை சுழற்சிகளும் போதாத அழுத்தத்தில் ஓடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு பிட் தவறினால் போதும். டிவைஸ் ட்ரீயில் ரெகுலேட்டரின் ஏற்ற வீதத்தைச் சொல்லும் ஒரு வரி விடுபட்டிருந்தது. அதை எழுதியதும், ரெகுலேட்டர் அமைப்பு தாவலின் அளவுக்கேற்பக் காத்திருந்து திரும்பியது. போர்டு அதன் பின் விழவில்லை. உங்கள் ரெகுலேட்டர்களின் தரவுத்தாளில் இந்த வீதத்தைத் தேடி எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னதாக டிவைஸ் ட்ரீயில் எழுதிவிடுங்கள்.

கடிகாரத்தின் பக்கத்திலும் இதுபோன்ற ஓர் இடைவெளி உண்டு. பிஎல்எல்லுக்குப் புதிய பெருக்கல் எண்ணைக் கொடுத்தால், அது நிலைகொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் அதன் வெளியீட்டை நம்ப முடியாது. செயலி அதன் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மாற்றக் கூடாது. முதலில் செயலியை வேறொரு நிலையான மூலத்துக்கு மாற்றிவிட்டு, பிஎல்எல் பூட்டிக்கொண்ட பிறகு திரும்பக் கொண்டுவர வேண்டும். ராக்சிப்பின் கிளாக் டிரைவர் இந்த மாற்றுப் பாதையைத் தனக்குள்ளேயே கையாள்கிறது. என் கருத்தில் அதுதான் அதற்குரிய இடம். கிளாக் டிரைவரால் இயலாதபோது, இடைநிலை அதிர்வெண்ணைக் கேட்டறியவும் அதற்கு மாறவும் சிபியுஃப்ரெக்கிலேயே இரண்டு செயல்கூறுகள் இருக்கின்றன. ஒன்றை நிரப்பி மற்றொன்றை விட்டால் பதிவு மறுக்கப்படும். இடைநிலை அதிர்வெண் கீழ்ப்படியைவிட உயர்ந்ததாக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட வேண்டாம். அப்படியானால் 408-இலிருந்து 600-க்குப் போகும் சிறு மாற்றத்துக்கும், இடையில் 816-இல் நிற்பதற்குத் தேவையான அழுத்தத்தைக் கொடுத்தாக வேண்டும்.

மாற்றத்துக்கு ஆகும் நேரம் என்று இனிட்டில் குறிப்பிடும் எண், இந்த இரண்டு காத்திருப்புகளையும் ஐ2சி பரிமாற்றத்தையும் கூட்டியது. கவர்னர்கள் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை முடிவை மாற்றலாம் என்பதை இந்த எண்ணைக் கொண்டே கணக்கிடுகின்றன. குறைத்துச் சொன்னால், இயந்திரம் வேகம் மாற்றுவதிலேயே நேரத்தைச் செலவிடும். கூட்டிச் சொன்னால், விரலால் திரையைத் தொட்டபின் வேகம் தாமதமாக எழும். உற்பத்தியாளரின் பழைய டிரைவரிலிருந்து எண்ணை அப்படியே நகலெடுக்காமல், நீங்களே அளந்து எழுதுங்கள்.

விரைவு மாற்றம் என்றொரு செயல்கூறு இருப்பதைப் பார்த்து, அதையும் நிரப்பிவிட ஆசை வரலாம். ஷெட்யூலர் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே அது அழைக்கப்படும். அதற்குள் எதற்காகவும் உறங்கக் கூடாது. ஐ2சி வழியாக ரெகுலேட்டரிடம் பேசும் டிரைவர் உறங்காமல் இருக்க முடியாது. ஆகவே உங்கள் போர்டுக்கு அது பொருந்தாது. ஷெட்யூட்டில் தனக்கென வைத்திருக்கும் ஒரு கர்னல் இழை வழியாகவே உங்கள் டிரைவரை அழைத்துக்கொள்ளும். குவால்காமின் சில சிப்புகளில், மின்னழுத்தத்தையும் கடிகாரத்தையும் ஒரு தனி வன்பொருள் கவனித்துக்கொள்கிறது. டிரைவர் ஒரு ரிஜிஸ்டரில் ஒரு எண்ணை எழுதினால் போதும். விரைவு மாற்றம் அத்தகைய இடங்களுக்கு உரியது.

இப்போது ஓடும் வேகத்தைத் திருப்பித் தரும் கெட் செயல்கூறு, கடைசியாகக் கேட்ட எண்ணைச் சேமித்து வைத்துத் திருப்பித் தரக் கூடாது. கிளாக்கிடம் கேட்டு, வன்பொருளில் இருப்பதைச் சொல்ல வேண்டும். கர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் கவர்னர் கேட்ட அதிர்வெண்ணுக்கு ஒரு கோப்பும், வன்பொருள் சொல்லும் அதிர்வெண்ணுக்கு வேறொரு கோப்பும் இருப்பது இதற்காகவே. இரண்டும் வேறுபடும்போதுதான் நோய் தெரியவரும். உங்கள் டிரைவர் இரண்டிலும் ஒரே பழைய எண்ணைக் காட்டினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பூட்லோடர் அட்டவணையில் இல்லாத வேகத்தில் செயலியை விட்டுச் சென்றிருக்கலாம் என்பதால், தொடக்க அதிர்வெண்ணைச் சரிபார்க்கும் கொடியையும் டிரைவரில் வையுங்கள்.

இனி சிறு விஷயங்கள் சில. கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் தயாராகாத நிலையில் உங்கள் டிரைவர் எழுந்தால், தோற்றுப்போகாமல் பிறகு வருகிறேன் என்ற குறியீட்டைத் திருப்பித் தர வேண்டும். இயந்திரம் உறங்கப் போகும்போது ஐ2சி கட்டுப்படுத்தியும் உறங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே பாதுகாப்பான ஓர் அதிர்வெண்ணுக்கு வந்துவிட வேண்டும். உறக்க அதிர்வெண்ணைப் பாலிசியில் குறித்து, பொதுச் செயல்கூறை இணைத்தால் அது நடந்துவிடும். வெப்பக் கட்டுப்பாட்டுக்கு நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை: குளிர்விக்கும் சாதனம் என்ற கொடியை வைத்தால், சிப் சூடாகும்போது வெப்ப அமைப்பே உங்கள் உச்ச வரம்பைக் கீழே இறக்கும்.

சோதனையை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். முதலில் யூசர்ஸ்பேஸ் கவர்னரை வைத்து, அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் கையால் அமைத்து, ஒரே கணக்குச் சுழலை ஓட்டி நேரத்தை எடுங்கள். நினைவகத்தைத் தொடாத சுழலாக இருந்தால், அதிர்வெண் இரட்டித்தால் நேரம் பாதியாக வேண்டும். பெர்ஃப் கருவி கொண்டு, கழிந்த சுழற்சிகளைக் கழிந்த நேரத்தால் வகுத்தால் உண்மை வேகம் வரும். அது உங்கள் கெட் சொல்லும் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அடுத்து, எல்லாப் படிகளுக்கும் இடையே தற்செயல் வரிசையில் ஓயாமல் தாவச் செய்து, அதே வேளையில் விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கை எல்லாக் கோர்களிலும் ஓட்டி, விடையை ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். போர்டு விழாமலேயே விடை மட்டும் தவறுவது, மின்னழுத்தம் விளிம்பில் இருப்பதற்கான முதல் அறிகுறி. இதைக் குளிர்ந்த போர்டிலும், நன்றாகச் சூடேறிய போர்டிலும், இயன்றால் ஒன்றுக்கு மேற்பட்ட போர்டுகளிலும் செய்யுங்கள். ஒரு சிப்புக்குப் போதுமான அழுத்தம் அதன் உடன்பிறந்த சிப்புக்குப் போதாமல் இருக்கலாம்.

கடைசியாக ஷெட்யூட்டில் கவர்னரில் ஒரு நாள் முழுதும் வழக்கமான வேலைக்கு விட்டு, ஒவ்வொரு படியிலும் கழிந்த நேரத்தைக் காட்டும் புள்ளிவிவரக் கோப்பைப் பாருங்கள். அதில் நேரம் 10 மில்லிவிநாடி அலகில் இருக்கும். ஒரு படியில் மட்டும் பூச்சியம் இருந்தாலோ, ஒரு படி கோப்பிலேயே இல்லாதிருந்தாலோ, அந்தப் படி திறனற்றதென ஒதுக்கப்பட்டதா, அல்லது ரெகுலேட்டரால் தர முடியாத அழுத்தத்தைக் கேட்டதால் ஓபிபி நூலகம் அதை நீக்கிவிட்டதா என்று கர்னலின் பதிவேட்டில் தேடுங்கள். அதைக் கண்டறிந்த பிறகு, உங்கள் டிவைஸ் ட்ரீயின் இரண்டு கூட்டங்களுக்குமான அட்டவணையையும் ரெகுலேட்டர் பகுதியையும் அப்படியே அனுப்பிவையுங்கள். வரிவரியாகச் சேர்ந்து பார்க்கலாம்.